வேப் வாங்கும்போது காசை எதில் போடுவது?

போன மாதம் சித்தப்பா மகன் இரண்டு வேப் (மின் சிகரெட்) படங்களை அனுப்பி, "அண்ணா, இதுல எது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான். ஒன்று கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளமான பாட் கருவி, அதாவது லிக்விட் நிரப்பும் சின்னக் கூடு ஒன்றை (பாட்) மாட்டி இழுக்கும் வகை. இன்னொன்று இரண்டு பேட்டரி போடும் பாக்ஸ் மாட் என்ற பெட்டி மாதிரியான பெரிய கருவி, மேலே லிக்விட் ஊற்றும் கண்ணாடி டேங்க், பக்கவாட்டில் கலர் திரை, விலை முதலாவதைப் போல் ஆறு மடங்கு. பதினோரு வருடமாக நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பவன், இந்தத் தடவை விட்டே தீருவது என்று இருக்கிறான். கடைசியில் "காசு பரவாயில்லண்ணா, நல்லதா இருந்தா போதும்" என்று ஒரு வரி. அன்றைக்குப் போனில் அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சாமானில் காசு கூடினால் தரம் கூடும் என்பது சில இடங்களில் நூற்றுக்கு நூறு உண்மை, சில இடங்களில் துளியும் உண்மையில்லை, எந்த இடம் எது என்று தெரியாமல் வாங்கியவர்கள் காசையும் விட்டு இரண்டே மாதத்தில் சிகரெட்டுக்கும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நானே ஒரு தடவை போயிருக்கிறேன்.

முதலில் இரண்டு விஷயம். புகை பிடிக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். நிகோடின் பழக்கத்தைப் புதிதாக வாங்கிக்கொள்வதற்கு எந்த விலையிலும் நியாயம் கிடையாது, கீழே இருப்பது எல்லாம் ஏற்கனவே சிகரெட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடும் பெரியவர்களுக்கு. இரண்டாவது சட்டம். இந்தியாவில் 2019-இல் வந்த சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது எல்லாமே குற்றம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். தடை இருக்கும் இடத்தில் மறைத்து விற்கப்படுவதில் எது அசல், எது போலி, உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க வழியே இல்லாததால், இந்த ஒப்பீடு அங்கே செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு நிகோடின் பேட்ச், சூயிங்கம், டாக்டர் எழுதித் தரும் மாத்திரை என்று வேறு வழிகள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் சிகரெட்டை விட உதவி தேடி வந்த 886 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் ஒரு வருடம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் 9.9 சதவீதம், வேப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று இதைச் சொல்பவர்கள் அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு எண்ணைச் சொல்வதில்லை: வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருடம் முடியும்போதும் வேப்பை விடவில்லை. எனக்கு இந்த இரண்டு எண்ணும் சேர்ந்ததுதான் முழுக் கதை. சிகரெட் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும் கருவி வேண்டும், அதே கருவி நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. மலிவானதா விலை கூடியதா என்பதை நான் இந்த இரண்டையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

உள்ளே நடப்பது ரொம்ப எளிமையான காரியம். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஒரு சின்னக் கம்பிச் சுருளுக்குப் போகிறது. சுருளைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய லிக்விட் சூடாகி ஆவியாகிறது. சுருளைத்தான் காயில் என்கிறோம். லிக்விட் என்பது புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்து, அதில் வாசனையும் நிகோடினும் சேர்த்தது. சுவை, தொண்டையில் கிடைக்கும் பிடிப்பு, ஆவியின் அளவு இதெல்லாம் பெரும்பாலும் காயிலும் லிக்விடும் முடிவு செய்பவை. வெளியே இருக்கும் உடம்பு தோலால் ஆனதா, பிசின் வார்த்ததா, அலுமினியமா என்பது நாக்குக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கடையில் விலை ஏறுவது முக்கால்வாசி அந்த உடம்பில்தான்.

காயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "மலிவானதை வாங்கினேன், கருகல் வாடை அடித்தது, தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேருடைய கருவியில் ஒரு குறையும் இருந்திருக்காது. புதுக் காயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பக்கத்துத் துளைகளில் பஞ்சு வெள்ளை வெளேரென்று, உலர்ந்து இருக்கும். அதில் லிக்விடை ஊற்றி உடனே இழுத்தால் நடுவில் இருக்கும் பஞ்சுக்கு ஈரம் போய்ச் சேரும் முன்பே கம்பி சூடாகி பஞ்சு கருகிவிடும், அதற்குப் பிறகு எத்தனை தடவை நிரப்பினாலும் அந்த வாடை போகாது. பத்து நிமிடம் ஊறவிட்டால் அதே காயில் ஒன்றிரண்டு வாரம் ஓடும். பழைய காயிலைக் கழற்றிப் பாருங்கள், துளைகளில் பஞ்சு தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பாக இருக்கும், அது சாதாரணம். கம்பிமேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது லிக்விடில் போட்ட இனிப்பு. கேக், கஸ்டர்டு என்று பெயர் வைத்து, அழகான பாட்டிலில் அதிக விலைக்கு வரும் லிக்விடுகளில் பலவற்றில் சுக்ரலோஸ் போடுகிறார்கள், அது காயிலில் ஒட்டிக் கருகி, இரண்டு வாரம் ஓட வேண்டியதை நான்கு நாளில் முடித்துவிடும். இங்கே காசு கூடக் கொடுத்து வாங்கியதுதான் காயிலைக் கொல்கிறது. இந்தக் கருகல் விஷயத்தில் ஆறு மடங்கு விலையுள்ள பாக்ஸ் மாட்டும் கட்டைவிரல் பாட்டும் ஒன்றுதான், இரண்டிலும் அதே பஞ்சு, அதே கம்பி.

அப்புறம் இழுக்கும் விதம். சிகரெட்டில் முதலில் வாய்க்குள் இழுத்து, ஒரு நொடி வைத்து, பிறகு நெஞ்சுக்குள் எடுக்கிறோம். சின்னப் பாட் கருவிகள் பெரும்பாலும் அதற்குத்தான்: காற்று வரும் வழி குறுகல், காயிலின் மின்தடை 0.8 ஓம் முதல் 1.2 ஓம் வரை, சக்தி 10 முதல் 15 வாட். பெரிய மாட்டும் கண்ணாடி டேங்கும் நேராக நெஞ்சுக்குள் இழுப்பதற்கு: 0.15, 0.2 ஓம் காயில், 60, 80 வாட், அறை முழுக்க ஆவி. பதினோரு வருடம் முதல் விதத்தில் பழகிய ஒருவர் இரண்டாவதை முதல் நாள் இழுத்தால் இருமியே அன்றைய நாள் போய்விடும். சிகரெட்டிலிருந்து நேராகப் பெரிய மாட்டுக்குத் தாவி நிலைத்து நின்றவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நான் நேரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெரிய டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய பாக்கெட்டையே எடுத்தார்கள். காரணம் அவர்கள் வாங்கியது மட்டமான பொருள் என்பதால் இல்லை, உயர்ந்த பொருள்தான். வாய்க்குப் பொருந்தாத பொருள்.

இதில் யாரும் வாங்கும்போது போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடின் உள்ள நிகோடின் சால்ட் (தொண்டையை அதிகம் உறுத்தாத நிகோடின் வகை) லிக்விடில் (ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அதுதான் உச்ச வரம்பு) சின்னப் பாட் கருவியில் ஒரு நாளைக்கு 2 மில்லி போனால் 40 மில்லிகிராம். பெரிய மாட்டில் மில்லிக்கு 3 மில்லிகிராம் உள்ள லிக்விட் ஊற்றி ஒரு நாளைக்கு 10 மில்லி போனால் 30 மில்லிகிராம். அதாவது நிகோடின் இன்னும் குறைவாகவே கிடைக்கிறது, ஆனால் லிக்விட் ஐந்து மடங்கு போகிறது. பேட்டரியும் அப்படித்தான். 1000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) உள்ள சின்னக் கருவியை 15 வாட்டில், ஒரு இழுப்புக்கு 3 நொடி என்று வைத்தால் விரயம் போக ஏறக்குறைய 250 இழுப்பு வரும். 2500 எம்ஏஎச் பேட்டரி ஒன்றை 60 வாட்டில் ஓட்டினால் அதே 3 நொடிக்கு விரயத்தைக் கழிக்காமலே 185 இழுப்புதான், பேட்டரி பெரியது என்று பெயர். ஒரு வருடத்துக்கு இருபத்தைந்து முதல் ஐம்பது காயில் வரை ஆகும், அதற்கு மேல் லிக்விட். இவ்வளவையும் கூட்டினால், கருவிக்குக் கொடுத்த விலை அந்த வருடச் செலவில் சின்னப் பங்கு, அதிலும் சின்னக் கருவி என்றால் மிகச் சின்னப் பங்கு. ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய விலை காயில் பாக்கெட்டின் விலை. அதோடு, அந்தக் காயில் இன்னும் ஒரு வருடம் கழித்தும் கிடைக்குமா என்பது. மாடல் பழசாகி காயில் வரத்து நின்று போய்விட்டால் கையில் இருப்பது வெறும் டப்பா.

இனி மலிவானது எங்கே கழுத்தை அறுக்கும் என்று சொல்ல வேண்டும். என் முதல் கருவி, பெயர் போடாத ஏதோ ஒன்று, ரொம்பவும் மலிவு என்பதற்காகவே வாங்கியது. நான்காவது வாரம் அதன் பொத்தான் உள்ளே போனால் மேலே வர அரை நொடி எடுத்தது. லிக்விட் கசிந்து பொத்தானின் ஓரத்தில் பிசுபிசுப்பாக உட்கார்ந்திருந்தது, டிஷ்யூவால் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேண்ட் பாக்கெட்டில் சூடு தெரிந்தது. முதலில் உடம்புச் சூடு என்று நினைத்தேன், பிறகு தொடையில் சுரீர் என்றது, எடுத்துப் பார்த்தால் பொத்தான் அமுங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு காயில் விடாமல் எரிந்துகொண்டிருந்தது, பாட்டின் பிளாஸ்டிக் ஓரம் வளைந்து போயிருந்தது. ஒழுங்கான கருவியில் எட்டு பத்து நொடிக்கு மேல் பொத்தான் அமுங்கியிருந்தால் தானாக அணைந்துவிடும். அந்த ஒரு சின்ன ஏற்பாடு இதில் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அன்றைக்குக் கிடைத்த பாடத்தை வைத்துத்தான் சொல்கிறேன், மலிவு என்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, யூவெல், வேப்பரெஸ்ஸோ, ஆஸ்பையர் போன்று பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் கம்பெனிகளின் ஆரம்ப விலைக் கருவி. இன்னொன்று, யார் செய்தது என்றே தெரியாத டப்பா. விலை வித்தியாசம் சில சமயம் ஒரு காயில் பாக்கெட் அளவுகூட இருக்காது, ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் வேறு உலகம். பட்ஜெட் என்று நான் இந்தக் கட்டுரையில் சொல்வது முதல் ஜாதியை மட்டும்தான்.

பேட்டரியில் எந்தச் சமரசமும் வேண்டாம். கழற்றி மாட்டும் பேட்டரிகளில் அதிகம் ஓடுவது 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழுசாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். இந்த அளவு பேட்டரிகளில் பெரும்பாலும் நிஜமாக அடைத்திருப்பது சுமார் 3500 எம்ஏஎச் வரைதான், அதுவும் அதிக மின்னோட்டம் தராத வகை. வேப்புக்கு ஏற்ற நல்ல பேட்டரிகள் 2500 முதல் 3000 எம்ஏஎச் வரை இருக்கும், உதாரணத்துக்கு சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச், தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து ஒன்று கையில் கிடைத்தால் அது பொய், வேறு பேச்சே இல்லை. நல்ல 18650 ஒன்று 45 கிராமை ஒட்டி எடை இருக்கும், போலி பல சமயம் கையில் எடுத்த உடனே இலகுவாகத் தெரியும். ஆம்பியர் ஏன் முக்கியம் என்றால், 80 வாட்டில் ஒற்றை பேட்டரி மாட்டை ஓட்டும்போது பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அதிலிருந்து 25 ஆம்பியர் இழுக்கப்படுகிறது. 20 ஆம்பியர் பேட்டரிக்கு இது தாங்காது. இரண்டு பேட்டரி மாட் என்றால் ஆளுக்குப் பாதி, அதனால்தான் அதிக வாட் ஓட்டுபவர்களுக்கு இரண்டு பேட்டரி என்பது ஆடம்பரமில்லை, தேவை.

விலை கூடிய மாட்டை வாங்கிவிட்டு, கையில் காசு தீர்ந்து போய், பேட்டரியையும் சார்ஜரையும் கிடைத்த இடத்தில் மலிவாக வாங்குகிறார்களே, இந்தச் சாமானில் நான் பார்த்த மிக மோசமான சேர்க்கை அதுதான். பேட்டரியின் மேல் முனையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நடுவில் பொத்தான் மாதிரி இருப்பது நேர்முனை, அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகித வளையம், அதற்கு வெளியே பிளாஸ்டிக் உறையின் விளிம்பு மடிந்திருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் இருக்கும் உலோகம் முழுக்க எதிர்முனை. விளிம்பில் நகக்கீறல் அளவு உறை கிழிந்திருந்தாலும் இரண்டு முனைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய காகித வளையம் மட்டும்தான். அப்படிப்பட்ட பேட்டரியை சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புது உறை மிக மலிவு, ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்கு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் கட்டாயம். விமானத்தில் போகிறவர்கள் கருவியையும் பேட்டரியையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது.

சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் மாட் என்று ஒரு வகை உண்டு, செம்பிலும் பித்தளையிலும் கடைந்து எடுத்த குழாய், பார்க்க அவ்வளவு அழகு, விலையும் அதற்கேற்ப. பொத்தானை அமுக்கினால் பேட்டரி நேராகக் காயிலோடு சேரும், நடுவில் காப்பாற்ற எதுவும் கிடையாது. 0.15 ஓம் காயில் போட்டால் 28 ஆம்பியர். ஓம் விதியைக் கணக்குப் போடத் தெரியாதவர் இதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் விலை கூடியது எல்லாம் வெட்டி என்று அர்த்தமில்லை. நான்கு வருடம் ஒரு டிஎன்ஏ சிப் போட்ட மாட் வைத்திருந்தேன், அதைப் பற்றி நன்றியோடுதான் நினைக்கிறேன். எவால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சிப் அது. 2014-இல் வந்த டிஎன்ஏ 40-இல் அவர்கள்தான் வெப்பக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் சூடாகும்போது அவற்றின் மின்தடை ஏறும், அந்த ஏற்றத்தை அளந்து கம்பி எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று சிப் கணித்துவிடும், நாம் வைத்த சூட்டைத் தாண்டினால் சக்தியைத் தானே குறைத்துவிடும். பஞ்சு உலர்ந்து போனால் கருகுவதற்குப் பதில் ஆவி நின்றுவிடும், அவ்வளவுதான். கருகிய பஞ்சை இழுப்பது வாடைக்காக மட்டும் கெட்டதில்லை. லிக்விட் வற்றிக் காயில் அதிகமாகச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகின்றன, எனவே இந்த வசதிக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. மலிவான மாட்களிலும் வெப்பக் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கும், ஆனால் நான் ஓட்டிப் பார்த்த இரண்டில் ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தது, இன்னொன்று வைத்த சூட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. சாதாரணக் காயில்களில் வரும் காந்தல் (Kanthal) என்ற கலப்பு உலோகக் கம்பியின் மின்தடை சூட்டில் அநேகமாக மாறாது, அதனால் அந்தக் கம்பி போட்ட காயிலில் எவ்வளவு உயர்ந்த சிப்புக்கும் இந்த வேலை செய்ய வராது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

விலை கூடியதில் நிஜமாகக் கிடைக்கும் இன்னொன்று, பேட்டரி செத்தால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். உள்ளேயே அடைத்த பேட்டரி தினமும் சார்ஜ் ஏறினால் ஒன்று ஒன்றரை வருடத்தில் சோர்ந்துவிடும், அப்போது முழுக் கருவியும் குப்பை. கீழே போட்டு உடைக்கும் ஆட்களுக்கு, கட்டட வேலை, வயல் வேலை, மீன்பிடி என்று தண்ணீரோடும் தூசியோடும் இருப்பவர்களுக்கு ஐபி67 முத்திரை உள்ள கருவி வாங்குவது நியாயம். ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்பது அந்த முத்திரையின் பொருள். இவற்றுக்கு அப்பால் கலர் திரை, 200 வாட், மரக்கட்டை உடம்பு, மின்னும் விளக்கு, இதெல்லாம் ஆசைக்கு. 15 வாட்டில் இழுக்கிறவருக்கு 200 வாட் எதற்கு?

காயிலைத் தானே சுற்றிக்கொள்ளும் டேங்குகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கம்பிச் சுருள் ஒன்றும் பஞ்சுப் பாக்கெட் ஒன்றும் மாதக்கணக்கில் வரும், காயில் செலவு ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு இறங்கிவிடும். முதலீடு கூட, ஓட்டும் செலவு குறைவு. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், ஓம் அளக்கும் கருவி வேண்டும், பஞ்சைக் கூடத் திணித்தால் கருகும், குறைத்தால் ஒழுகும். சிகரெட் விட்ட முதல் மாதத்தில், கை நடுங்கி எரிச்சலாக இருக்கும் காலை நேரத்தில், திருகாணி முடுக்கிக்கொண்டு உட்கார யாருக்கும் மனம் வராது. ஆறு மாதம் போகட்டும்.

இன்னொரு ஓரத்தில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வகை. கையில் எடுக்கும்போது இதைவிட மலிவு எதுவும் இல்லை, மாதம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் இதைவிடக் காஸ்ட்லி எதுவும் இல்லை. நல்ல லித்தியம் பேட்டரி ஒன்றை இரண்டு நாளில் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

லிக்விடில் விலை உயர்ந்ததுதான் நல்லது என்று இல்லை, மூலப்பொருள் நான்கு வரியில் அடங்கும். ஆனால் என்ன கலந்திருக்கிறது, நிகோடின் எவ்வளவு, யார் செய்தது என்று எழுதாத பாட்டில் வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பால் 2,800 பேர் ஆஸ்பத்திரி வரை போய், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தது பெரும்பாலும் கள்ளச் சந்தை கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டால். கருவியின் விலையா அவர்களைக் கொன்றது? உள்ளே ஊற்றியது. வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், நிகோடின் விஷம்.

நானும் ஒரு தடவை சிகரெட்டுக்குத் திரும்பிப் போனேன் என்றேன் அல்லவா, அந்தக் கதை இது. சிகரெட்டை விட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. அப்போது கையில் இருந்தது நல்ல கருவி, நல்ல விலை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு இரவு பதினொரு மணிக்கு மேல் கை தவறி விழுந்து டேங்க் கண்ணாடி உடைந்தது. மாற்றுக் கண்ணாடி இல்லை, வேறு கருவி இல்லை. இருபது நிமிடம் வீட்டுக்குள் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினேன். அந்த ஒரு பாக்கெட்டில் தொடங்கியது, திரும்ப விட ஐந்து மாதமானது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: விலை கூடிய ஒன்றை வாங்கும் காசுக்கு, தெரிந்த கம்பெனியின் சின்னக் கருவி இரண்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், ஒரே காயில் இரண்டுக்கும் ஆகும், ஒன்று சார்ஜில் இருக்கும்போது இன்னொன்று கையில், ஒன்று செத்தால் இன்னொன்று உயிரோடு. மிச்சக் காசில் இரண்டு பாக்கெட் காயில். எத்தனை உயர்ந்த கருவியும் ஒற்றையாக இருந்தால் அது உடைகிற இரவு ஒன்று வரும்.

விலை கூடியதைப் பற்றி எனக்கு இருக்கும் இன்னொரு தயக்கம், ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடாத அந்த 80 சதவீதம் பேரோடு சம்பந்தப்பட்டது. நண்பர் ஒருவர் சிகரெட்டை விட்டு நான்கு வருடம், அதற்கு அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இப்போது பதினேழு மாட், கம்பி வகைகளுக்குத் தனி டப்பா, மாதம் ஒரு புது டேங்க். நிகோடினைக் குறைப்பது பற்றிப் பேச்சு எடுத்தால் புதிதாக வந்த ஒன்றைக் கையில் கொடுத்து "இதை இழுத்துப் பாருங்க" என்கிறார். மருந்து பாட்டிலைச் சேகரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. சின்னக் கருவியில் சேகரிக்கும் ஆசை வருவதில்லை. 20-இலிருந்து 10-க்கு, பிறகு 5-க்கு என்று பாட்டிலை மாற்றிக்கொண்டே போய், ஒரு நாள் மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆறு மாதம் தாண்டி, சிகரெட் நினைப்பு அடங்கி, இன்ன வாட் இன்ன இழுப்பு எனக்குச் சரி என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் நல்ல சிப் போட்ட ஒன்று வேண்டும் என்று தோன்றினால் அப்போது வாங்குவதில் தப்பில்லை. அப்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்போம்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு நிறைய வேண்டாம். பொத்தானை இருபது தடவை அமுக்குங்கள், ஒவ்வொரு தடவையும் சட்டென்று மேலே வர வேண்டும். பாட்டைக் கழற்றி மாட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பின்னால் ஒழுகும். லிக்விட் நிரப்பும் மூடியின் ரப்பர் நகத்தால் இழுத்தால் பிய்ந்து வருகிற மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும் துளை யூஎஸ்பி-சி தானா, காற்று வழியைக் கூட்டிக் குறைக்க முடியுமா, காயில் பாக்கெட் அதே கடையில் அடுக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கருவியை போனோடு வரும் வேகச் சார்ஜரில் போடாமல் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரில் போடுவது நல்லது, தூங்கும்போது போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

சித்தப்பா மகன் பெரிய மாட்டை விட்டுவிட்டு அந்தச் சின்னதில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினான், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. முதல் மூன்று நாள் கூடவே சிகரெட்டும் ஓடியிருக்கிறது, நான்காம் நாளிலிருந்து இல்லை. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான், கழற்றிய காயில் ஒன்று, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்து எடுத்தது. "அண்ணா, இது கருகிடுச்சா?" பஞ்சு பழுப்புதான், கம்பிமேல் பொருக்கு இல்லை. இன்னும் இரண்டு நாள் ஓடும், திரும்ப மாட்டு என்று பதில் போட்டேன்.